கதவின் உள்பக்கம்

“மேடம், அந்த ரூம் கதவுல உள்பக்கம் எதுக்கு நீல சாக்பீஸ்ல எழுதி வெச்சிருக்கீங்க?”

பயிற்சிக்கு வந்திருந்த எட்டுப் பேரில் வாய் ஓயாதவள் அந்தப் பெண்தான். ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நெற்றியில் பட்டை அழுத்திய தடத்தைத் தேய்த்தபடி சாதாரணமாகத்தான் கேட்டாள். காலை பதினோரு மணி. ஜன்னல் திரையின் இடுக்குகளில் நுழைந்த வெயில், தரையில் சுருண்டு கிடந்த ஒயர்களின் மேல் கோடு கோடாக விழுந்திருந்தது. ஏ.சி. லேசாக உறுமிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்கள். எல்லாம் நேற்றைப் போலவே இருந்தன.

மேடம் மட்டும் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

“எழுதியிருக்கா? என்ன எழுதியிருக்கு?”

“சரியாத் தெரியலை மேடம், இருட்டுல்ல. ஏதோ நம்பர் மாதிரி. தொண்ணூத்தஞ்சுன்னு நினைக்கிறேன்.”

“கதவுல ஒண்ணும் கிடையாது. பழுப்புப் பெயின்ட், அவ்வளவுதான்.”

“இருந்துச்சு மேடம், சத்தியமா.”

“பயந்தா கண்ணுக்கு என்னென்னமோ தெரியும். அதையும் குறிச்சு வெச்சுக்கோ. நாளைக்கு உன் நோயாளியும் உன்கிட்ட இப்படித்தான் சத்தியம் பண்ணுவான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, சமத்தாகக் குறித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பின் மறைவில் மேடம் தன் வலதுகை விரல்களைப் புடவைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தாள். விரலில் ஒன்றும் இல்லை. இரண்டு வருடமாகவே ஒன்றும் இல்லை.

பதற்ற நோய்க்குச் சிகிச்சை தர வருகிறவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி. மூடிய அறை என்றாலே மூச்சு முட்டுகிற ஒருவரைக் குணப்படுத்தப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. நிஜ நோயாளியை வைத்துக் கைபழகுவதோ பாவம். அதற்குத்தான் ஹெட்செட். அதைக் கண்ணில் மாட்டினால் ஒரு நடைவழி, ஒரு நாற்காலி, ஒரு சின்ன ஸ்டோர் ரூம். உள்ளே ஒரு நோயாளி. கதவை மூடிவிட்டு வெளியே உட்கார்ந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ‘எத்தனை?’ என்று கேட்க வேண்டும். பயமே இல்லையென்றால் பூஜ்யம், உயிர் போகிற பயம் என்றால் நூறு. அவர் சொல்கிற எண்ணைத் தாளில் எழுத வேண்டும். எண் ஏறும், ஓரிடத்தில் நிற்கும், பிறகு தானாக இறங்கும். உச்சியில் இருக்கும்போது கதவைத் திறந்துவிட்டால், ஓடி வந்ததால்தான் பிழைத்தோம் என்று அந்தப் பயம் பாடம் படித்துக்கொள்ளும். அதனால் மேடத்தின் வாசகத்தையே பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்: ‘கெஞ்சினாலும் திறக்காதே. எண் இறங்கும்வரை இரு.’

சிகிச்சை தருகிறவர் ஒரு தடவையாவது நோயாளியின் இருக்கையில் உட்கார்ந்து, அந்த அறைக்குள்ளேயும் இருந்து பார்க்க வேண்டும் என்பது மேடம் வைத்த இன்னொரு விதி. வாயாடிப் பெண் இன்று அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

ஹெட்செட்டுக்குள் இருக்கும் நோயாளிக்குப் பயிற்சிப் பிள்ளைகள் வைத்த பெயர் சமத்து. யார் கேட்டாலும் ஒரே வரிசை. எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, மறுபடி தொண்ணூற்றைந்து. அதற்குப் பிறகு மளமளவென்று அறுபது, ஐம்பது, நாற்பது, முப்பது, இருபது. முதுகைத் தட்டிக்கொடுக்கத் தோன்றும்படி இறங்குவார். அந்த வரிசை கற்பனை அல்ல. நிஜ மனிதர் ஒருவரின் சிகிச்சைத் தாளில் இருந்தது. குரலும் பழைய ஒலிப்பதிவுகளில் இருந்து எடுத்த அவருடைய குரல்தான்.

அவர் ஒரு தையல்காரர். இரண்டு வருடம் முன்பு, இதே மாடியின் கடைசியில் இருக்கும் நிஜ ஸ்டோர் ரூமில், இருபதாவது நிமிடத்தில் மேடம் கதவைத் திறந்தபோது செத்துக் கிடந்தார்.

இதயம் என்றார்கள். பஸ்ஸில் போகும்போதும் நடந்திருக்கும், வீட்டில் சாப்பிடும்போதும் நடந்திருக்கும் என்று பெரிய டாக்டரே சொன்னார். தாளைப் பார்த்தவர்கள் எல்லோரும் மேடத்துக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். சாகும்போது பயம் வெறும் இருபது. இதைவிட நல்ல சாவு யாருக்கு வரும்? அந்தத் தாள் பிறகு பாடமாயிற்று, பாடம் சமத்து ஆயிற்று. குரலைப் பயன்படுத்த அவர் மனைவி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இன்று மாலை நான்கு மணிக்கு, அந்தக் குரலைக் கேட்பதற்காக அவள் முதல்முறையாக இங்கே வருகிறாள்.

*

மதிய இடைவேளையில் மேடம் சாப்பிடப் போகவில்லை. நடைவழியின் கடைசிக்குப் போனாள்.

அந்தப் பகுதியில் இப்போது யாருக்கும் வேலை இல்லை. குழல் விளக்கு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. பினாயில் வாசனை, பழைய காகித வாசனை, எங்கோ குழாய் சொட்டும் சத்தம். ஸ்டோர் ரூமுக்குள் கால் ஒடிந்த நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். அவள் கதவை இழுத்து, அதன் உள்பக்கத்தைச் செல்போன் வெளிச்சத்தில் மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பழுப்புப் பெயின்ட். அவர் செத்த அடுத்த மாதமே அவள் பூசச் சொன்ன பெயின்ட். கதவு பழசாயிடுச்சு, பார்க்க நல்லா இல்லை என்று சொல்லி இரண்டு கோட் அடிக்க வைத்தாள்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அவள் மடியில் இருந்த கனம் என்னவென்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பத்தாவது நிமிடம் அவர் தொண்ணூற்றைந்து என்றார். “மேடம், போதும் மேடம், திறந்துடுங்க” என்றார். “இருங்க, தானா இறங்கும்” என்றாள். கதவுக்கு வெளியே தாழ் போட்டிருந்தது. அதைப் போடச் சொன்னதே அவர்தான். இல்லாவிட்டால் ஓடி வந்துவிடுவேன் என்று வெட்கப்பட்டுச் சிரித்தார். அப்போது தங்கை போன் செய்தாள். நடைவழியில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. ஒலிப்பதிவுக் கருவியும் தாளும் கையிலேயே இருக்க, மேடம் எழுந்து மாடிப்படி வரைக்கும் போனாள். ஒரு நிமிடம் என்றுதான் நினைத்தாள். தங்கை புது வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையா, சாம்பலா? “வெள்ளை வேணாம்டி, அழுக்குத் தெரியும்.” ஒன்பது நிமிடம்.

பேசிக்கொண்டே தாளில் எண்களை அவளே எழுதினாள். அறுபது, ஐம்பது, நாற்பது. எல்லோருக்கும் இறங்குகிறது, இவருக்கும் இறங்கியிருக்கும். கட்டம் காலியாக இருந்தால் அசிங்கம். முப்பது. இருபது.

திரும்பி வந்தபோது உள்ளே சத்தமே இல்லை. நல்லது, அடங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் திறந்தாள்.

பேச முடியாமல் மூச்சு முட்டினால் எண்ணை எழுதிக் காட்டுங்கள் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். தையல்காரர் சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர். சட்டைப் பையில் துணியில் குறி போடும் சப்பையான நீலச் சாக்பீஸ் எப்போதும் இருக்கும். கேட்கிற ஆள் இல்லாமல் போனபிறகும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கதவின் உள்பக்கம் எழுதியிருந்தார். 95. 100. 100. 100. கடைசியாக ஓர் ஒன்று. அந்த ஒன்று முடியவே இல்லை. நீளமாக, கோணலாக, தரை வரைக்கும் இறங்கிப் போயிருந்தது.

அவள் முதலில் அவருடைய நாடியைப் பார்க்கவில்லை. கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கதவைத் துடைத்தாள். பிறகுதான் நாடியைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கத்தினாள். ஒலிப்பதிவின் கடைசி ஒன்பது நிமிடத்தை அன்றே அழித்தாள். நகக்கண்ணில் நீலம் இரண்டு நாள் இருந்தது.

இன்று கதவு சுத்தமாக இருந்தது. அவள் பெருமூச்சு விட்டுத் திரும்பினாள். பினாயிலுக்கு அடியில் இன்னொரு வாசனை மெல்ல வந்தது. தையல் மிஷினுக்கு விடும் எண்ணெய். அவர் சட்டையில் எப்போதும் அந்த வாசனை இருக்கும்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வேகமாக நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் பயம் பாடம் படித்துக்கொள்ளும்.

*

ஹெட்செட்டுக்குள் இருக்கும் உலகத்தைக் கட்டியவனை எல்லோரும் பொம்மைக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வயதிருக்கும், காதில் பேனாவும் வாயில் சூயிங்கமும் இல்லாமல் யாரும் அவனைப் பார்த்ததில்லை. மேடம் கேட்டதும் திரையில் கதவை மட்டும் தனியே எடுத்து, முன்னும் பின்னும் புரட்டிக் காட்டினான்.

“நல்லாப் பார்த்துக்கங்க மேடம். துடைச்சு வெச்ச மாதிரி சுத்தமா இருக்கு.”

அவள் முகம் மாறியதை அவன் கவனிக்கவில்லை.

“யாராவது விளையாட்டுக்கு எழுதியிருக்கலாம்ல, தம்பி?”

“இதுல எழுதணும்னா என் பாஸ்வேர்டு வேணும். அது எனக்கே பாதி நாள் ஞாபகம் இருக்காது.” சிரித்தான். “ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன் மேடம். தொண்ணூத்தஞ்சுல இருந்து ஒரே தாவா அறுபதுக்கு வர்றாரே, நிஜமாவே மனுஷனுக்கு அப்படி இறங்குமா? மத்தவங்க தாள் எல்லாம் பார்த்தேன், ஒருத்தருக்கும் இப்படி இல்லை.”

“அவர் நல்ல நோயாளி” என்றாள் மேடம். மேசையில் கிடந்த ஹெட்போனை எடுத்தாள். “சத்தத்தை மட்டும் ஒருதடவை போடு. கேட்டுடறேன்.”

காதில் மாட்டிக்கொண்டாள். திரையில் நிமிடங்கள் ஓடின. எழுபது என்றார் தையல்காரர். மரியாதையான குரல், சற்றுக் கட்டிய தொண்டை. எண்பத்தைந்து. தொண்ணூறு. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் ‘மேடம்’ என்று சேர்த்துக்கொள்வார். பொம்மைக்காரன் அதை வெட்டியிருந்தும், வெட்டிய இடத்தில் உதடு மூடும் சின்னச் சத்தம் மிச்சமிருந்தது. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றைந்து.

பன்னிரண்டாவது நிமிடம். எண் வரவில்லை.

மூச்சு மட்டும். வேகமான, மேலாகவே நிற்கிற மூச்சு. பிறகு மரத்தில் ஏதோ உராய்ந்தது. கறக். கறக். நிறுத்தி நிறுத்தி, அடக்கமாக. அதற்கும் பின்னால், தூரத்தில், மாடிப்படியில் இருந்து வருவதுபோல ஒரு பெண் குரல்.

வெள்ளை வேணாம்டி, அழுக்குத் தெரியும்.

மேடம் ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் வீசினாள்.

“என்னாச்சு மேடம்?”

“அறுபது சொல்லலை.”

“சொன்னாரே. இதோ பாருங்க.” திரையில் 60 என்று பச்சையில் ஒளிர்ந்தது. “நானும் ஸ்பீக்கர்ல கேட்டுட்டுத்தானே இருந்தேன். உங்களுக்கு உடம்பு சரியில்லையா? பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். இவனுக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டு சீண்டுகிறானா? சூயிங்கத்தை மென்றபடி கவலையோடு தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அந்த முகத்தில் ஒரு சூதும் இல்லை. சூது இருந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

*

தையல்காரர் மனைவி நான்கு மணிக்கு முன்பே வந்துவிட்டாள். கடையை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மெலிந்து, கண்ணாடி போட்டு, இரண்டு வருடத்தில் பத்து வயது கூடியிருந்தாள். பயிற்சிப் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். துணிப்பையில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேடத்தின் கையில் வைத்தாள்.

“இந்த ஹெட்செட்டைப் போட்டா நெத்தியில உறுத்துதாம், அந்தத் தம்பி போன்ல சொல்லுச்சு. பஞ்சு வெச்சுத் தைச்சுக் கொண்டாந்தேன். அவரோட மிஷின்லதான் தைச்சேன் மேடம்.”

மெத்தென்ற துணிப்பட்டைகள், எட்டு. தையல் ஒன்றுகூடக் கோணவில்லை. ஒவ்வொன்றின் உட்புறமும் வெட்டுவதற்காகப் போட்ட நீலக் கோடு மங்கலாகத் தெரிந்தது. மிஷின் எண்ணெய் வாசனை அடித்தது. இந்த வாசனைக்காவது காரணம் இருக்கிறதே என்று மேடம் நினைத்துக்கொண்டாள்.

“எதுக்கும்மா இதெல்லாம்?”

“உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யறது? கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தவங்க நீங்க. நான்கூட இல்லை.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “மேடம், கேட்டதையே கேக்கறேன்னு நினைக்காதீங்க. அவர் பயப்படலைல்ல?”

ஏ.சி. உறுமியது. பொம்மைக்காரன் குனிந்து ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம். இப்போது சொன்னால்தான் உண்டு. நான் அங்கே இல்லைம்மா. அவர் தனியாக இருந்தார். நூறு, நூறு, நூறு என்று எழுதினார். அதை நான் துடைத்தேன். நான்கு வாக்கியம். மேடத்தின் தொண்டை வரைக்கும் வந்தன. இரண்டு வருடமாகத் தினமும் அங்கே வரைக்கும்தான் வருகின்றன.

“இருபதும்மா” என்றாள். “இருபதுலதான் இருந்தார். தூங்கற மாதிரி.”

“அதை நினைச்சுக்கிட்டுத்தான் ராத்திரி கண்ணை மூடறேன். அந்த ஒரு நம்பர் இல்லைன்னா நான் எப்பவோ போயிருப்பேன்.” மனைவி எழுந்து, நோயாளியின் இருக்கையைத் தொட்டுப் பார்த்தாள். “இதுல உக்காந்தா அந்த ரூம் தெரியுமாமே. அவர் இருந்த இடத்துல ஒருதடவை நான் இருந்து பார்க்கணும் மேடம். குரல் மட்டும் போதாது.”

“தாராளமா உக்காருங்கம்மா” என்றான் பொம்மைக்காரன்.

அந்தக் கதவில் எண்கள் இருந்தால் இவள் படிப்பாள். இவளுக்கு அவர் கையெழுத்துத் தெரியும். துணி அளவு எழுதும் நோட்டில் முப்பது வருடம் பார்த்த கையெழுத்து.

“வேணாம்!” மேடத்தின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. “காலையில அதுல ஏதோ கோளாறு. நான் முதல்ல பார்த்துடறேன். சரியா இருந்தா நீங்க உக்காருங்க.”

கோளாறு இருந்தால் இன்னொரு நாள் என்று அனுப்பிவிடலாம். இன்னொரு நாளுக்குள் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிவிடலாம். அழிப்பது அவளுக்குப் புதிதல்ல.

“அப்ப அம்மா வெளிய உக்காரட்டும்” என்றான் அவன், தாளையும் பென்சிலையும் மனைவியின் கையில் கொடுத்து. “ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை எத்தனைன்னு கேளுங்கம்மா. சொல்றதை எழுதுங்க. இருபது வந்ததும் திறந்துடலாம்.”

மேடம் புதுப் பட்டை வைத்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

*

இருட்டு. கதவுக்கு அடியில் கத்தி போல ஒரு வெளிச்சக் கீற்று. கண் பழகப் பழக, கை நீட்டினால் தொடும் தூரத்தில் மூன்று பக்கமும் சுவர், எதிரில் கதவு.

சுத்தமான கதவு.

அவள் மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. சிரிப்பே வந்துவிட்டது. ஒரு வாயாடிப் பெண்ணின் பேச்சைக் கேட்டு நாள் முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

“எத்தனை மேடம்?” மனைவியின் குரல், கதவுக்கு வெளியே இருந்து.

“பத்து” என்றாள் மேடம்.

“எழுபதும்மா. எழுபதுன்னு எழுதுங்க” என்றான் பொம்மைக்காரன்.

“பத்துன்னு சொன்னேன் தம்பி.”

பென்சில் தாளில் ஓடும் சத்தம் கேட்டது.

சரி, போதும், பார்த்தாயிற்று. ஹெட்செட்டைக் கழற்றக் கையைத் தூக்கினாள். விரல்கள் கன்னத்தைத் தொட்டன. புருவத்தைத் தொட்டன. நெற்றி, தலைமுடி, பின்மண்டை. திரும்ப ஒருதடவை தேடின. பட்டை இல்லை. ஒயர் இல்லை. முகத்தின் மேல் எதுவுமே இல்லை. திறந்த கண்ணின் இமையில் அவளுடைய விரலே இடித்தது.

வாசனை வந்தது. மிஷின் எண்ணெய். பினாயில்.

ஹெட்செட்டில் வாசனை கிடையாதே.

“தம்பி, நிறுத்து. நிறுத்துப்பா. ஏதோ தப்பு நடக்குது.”

“எண்பத்தஞ்சு” என்றான் அவன் வெளியே. “கொஞ்ச நேரம் ஏறும்மா. அப்புறம் தானா இறங்கும்.”

எழுந்து கதவைத் தள்ளினாள். மரம். குளிர்ந்த, சொரசொரப்பான, உண்மையான மரம். வெளியே தாழ் ஒருமுறை ஆடி நின்றது. இரண்டு கையாலும் அடித்தாள். வளையல் உடைந்து மணிக்கட்டில் கிழித்தது. சூடாக ஏதோ முழங்கை வரை ஓடியது. கத்தினாள். தம்பி என்று கத்தினாள், அம்மா என்று கத்தினாள்.

“எவ்வளவு அமைதியா உக்காந்திருக்காங்க பாருங்க. கையைக்கூட அசைக்கலை” என்றான் பொம்மைக்காரன் வெளியே.

“ஆமா” என்றாள் மனைவி. “பார்த்தாலே மனசுக்கு இதமா இருக்கு.”

“உங்களுக்குக் கேக்கலையா? அம்மா! திறங்கம்மா! நான் பொய் சொன்னேன்மா! நான் அங்க இல்லை. அவர் இருபது சொல்லவே இல்லை. நூறும்மா! நூறு!”

சொல்லிவிட்டாள். இரண்டு வருடம் தொண்டையில் நின்றது கடைசியில் வெளியே வந்துவிட்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கதவில் வைத்தாள்.

“தொண்ணூத்தஞ்சு” என்று மனைவி எழுதிக்கொண்டாள்.

மூச்சு மேலேயே நின்றது. கீழே இறங்கவில்லை. நெஞ்சின் நடுவில் ஒரு கை அழுத்தியது. இடது தோளில் வலி. எல்லாம் அவளுக்குத் தெரிந்த அறிகுறிகள். வெறும் பதற்றம்தான், யாரும் இதனால் சாவதில்லை, இருங்க, தானா இறங்கும். ஆயிரம் பேருக்குச் சொன்னது. இப்போது தனக்குச் சொன்னாள். இறங்கவில்லை.

வெளியே ஒரு போன் அடித்தது. அவளுடைய போன்.

“மேடத்தோட தங்கச்சி” என்றான் பொம்மைக்காரன். “எடுத்துச் சொல்லிடறேன். இங்க சிக்னல் விட்டு விட்டு வருது. நீங்க பார்த்துக்கங்கம்மா, இனிமே இறங்க வேண்டியதுதான்.”

காலடிச் சத்தம் தள்ளிப் போயிற்று. தள்ளி. இன்னும் தள்ளி.

“அறுபது” என்றாள் மனைவி.

இடுப்பு மடியில் ஏதோ கனத்தது. தொட்டாள். சப்பையாக, விளிம்பு தேய்ந்து, வழவழவென்று. விரலில் மாவாக ஒட்டியது.

பேச முடியவில்லை. பேச முடியாவிட்டால் எழுத வேண்டும். கதவில் எழுதினாள். நூறு.

“ஐம்பது.”

நூறு.

“நாற்பது. கடவுளே, இப்படித்தான் இருந்திருப்பார். நல்லவேளை வந்து பார்த்தேன்.”

கறக். பக்கத்தில்.

அவள் கை அசையவில்லை. சாக்பீஸ் அவள் விரலில் சும்மா இருந்தது. ஆனால் கதவில் உராயும் சத்தம். அவள் காதுக்கு அருகே. ஒரு வேகமான மூச்சு. மேலாகவே நிற்கிற மூச்சு. உதடு மூடும் சின்னச் சத்தம்.

“முப்பது.”

கதவோடு சரிந்தாள். எழுதிய எண்களின் மேல் அவள் முந்தானை உரசியது, அவை அழிவது தெரிந்தது. அப்போது தோளுக்குப் பின்னால் அந்தக் குரல் மரியாதையாக, கட்டிய தொண்டையோடு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னது.

“அழுத்தி எழுதுங்க மேடம். லேசா எழுதினா துடைச்சிருவாங்க.”

அவள் அழுத்தினாள். ஓர் ஒன்று. அது கோணலாக, நீளமாக, தரையை நோக்கி இறங்கிக்கொண்டே இருந்தது.

“இருபது” என்று மெல்லச் சொல்லியபடி, தையல்காரர் மனைவி கடைசிக் கட்டத்தை நிரப்பினாள்.